வீட்டுக்கு ஜெனரேட்டர்: எத்தனை கேவிஏ, எங்கே வைப்பது, எப்படி இணைப்பது?

ஐப்பசி பிறந்து கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானதும் ஜெனரேட்டர் பேச்சும் தொடங்கிவிடும். 2011 கடைசியில் தானே, 2016 டிசம்பரில் வர்தா, 2018 நவம்பரில் கஜா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று தமிழ்நாட்டுக் கடலோரம் வாங்கிய அடிகள் கொஞ்சமில்லை. கஜாவுக்குப் பிறகு டெல்டா மாவட்டங்களில் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அந்த நாட்களில் ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, வீடு வீடாகத் தொட்டி நிரப்பிக் கொடுத்துக் காசு வாங்கினார்கள். இருட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், தண்ணீர் இல்லாமல் எப்படி இருப்பது?

இப்படி ஒரு அனுபவம் ஆனதும் கடைக்குப் போய் எல்லோரும் கேட்கும் கேள்வி, "மூணு பெட்ரூம் வீடு, எத்தனை கேவிஏ போடணும்?" கேவிஏ என்பது ஜெனரேட்டர் எவ்வளவு சுமை தாங்கும் என்பதைச் சொல்லும் அளவு. கடைக்காரரும் யோசிக்காமல் ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார். ஆனால் ஜெனரேட்டருக்கும் பெட்ரூம் எண்ணிக்கைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உங்கள் வீட்டிலேயே பெரிய மோட்டார் எது, அது எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் கேள்வி. அதைவிடப் பெரிய குழப்பம், மெஷினை வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது. வாங்குவதில் தப்பு நடந்தால் பணம்தான் போகும். இணைப்பதிலும் வைக்கும் இடத்திலும் தப்பு நடந்தால் உயிர் போகும்.

முதலில், உங்களுக்கு ஜெனரேட்டர் தேவையா?

இன்வெர்ட்டரும் ஜெனரேட்டரும் ஒரே வேலையைச் செய்வதாகத் தோன்றும். இன்வெர்ட்டர், ஈபி கரண்ட் இருக்கும்போது பேட்டரியில் சேர்த்து வைத்ததைத் திருப்பித் தருகிறது. ஜெனரேட்டரில் சேமிப்பு என்று எதுவும் கிடையாது. அந்தந்த நொடிக்கு வீடு கேட்பதை அந்தந்த நொடியில் எரிபொருளை எரித்துத் தயாரிக்கிறது.

வீடுகளில் பரவலாக இருப்பது 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி. இரண்டையும் பெருக்கினால் 1,800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட். முழுவதையும் உறிஞ்ச முடியாது, நடுவில் இழப்பும் உண்டு. கைக்குக் கிடைப்பது ஒன்றேகால் யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு விளக்கு, மூன்று ஃபேன், வைஃபை என்று ஓட்டினால் நாலு மணி நேரம் போல ஓடும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தும் கரண்டுக்கு இது ஏறக்குறையப் போதும். போதாவிட்டால் இன்னொரு பேட்டரி போடுவது ஜெனரேட்டரைவிட மலிவு, சத்தமும் இல்லை.

என்னைக் கேட்டால் நகரத்தில் இருக்கும் பெரும்பாலான வீடுகளுக்கு ஜெனரேட்டர் வேண்டாம். போர் தண்ணீரை மட்டுமே நம்பியிருக்கும் வீடு, ஊருக்கு வெளியே தனியாக நிற்கும் வீடு, புயல் பாதையில் இருக்கும் கடலோர ஊர், ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் போன்ற கருவியோடு நோயாளி இருக்கும் வீடு, இவற்றுக்கு வேண்டும். கடைசியாகச் சொன்ன வீட்டுக்கு இன்வெர்ட்டரும் சேர்த்தே வேண்டும். ஜெனரேட்டர் கிளம்பி நிதானத்துக்கு வரும்வரை இடைவெளியை யாராவது தாங்க வேண்டுமே.

உள்ளே என்ன நடக்கிறது?

ஜெனரேட்டரில் இரண்டு பாகங்கள். எரிபொருளை எரித்துச் சுழலும் இன்ஜின் ஒன்று. அந்தச் சுழற்சியை மின்சாரமாக மாற்றும் ஆல்டர்னேட்டர் இன்னொன்று. செப்புக் கம்பிச் சுருள்களும் காந்தமும்தான் ஆல்டர்னேட்டர்.

சைக்கிளில் டபுள்ஸ் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் யாரும் இல்லாமல் ஒரே வேகத்தில் மிதித்துக்கொண்டு போகிறீர்கள். பின்னால் ஒருவர் ஏறி உட்கார்கிறார். வேகம் குறையாமல் இருக்க வேண்டுமானால் இன்னும் அழுத்தி மிதிக்க வேண்டும். அவர் இறங்கினால் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் சைக்கிள் பறக்கும். ஜெனரேட்டர் நாள் முழுக்கச் செய்வது இதுதான். நீங்கள் ஃபிரிட்ஜைப் போட்டால் ஒரு ஆள் ஏறுகிறார், அணைத்தால் இறங்குகிறார். வேகம் மட்டும் மாறக் கூடாது.

ஏன் மாறக் கூடாது? நம் நாட்டு மின்சாரம் ஒரு நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது. இதை 50 ஹெர்ட்ஸ் என்கிறோம். சத்தத்தை அடக்கும் பெட்டிக்குள் வரும் சைலன்ட் டீசல் செட்டுகள் (ஜெனரேட்டரைத்தான் செட் என்கிறார்கள்) பலவும் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றி இந்த 50-ஐத் தருகின்றன. கையில் தூக்கும் சாதாரண பெட்ரோல் செட்டுகள் 3,000 சுற்று சுற்றுகின்றன. 1,500 சுற்று 1,400 ஆக விழுந்தால் 50 ஹெர்ட்ஸும் 47-க்கு அருகில் விழுந்துவிடும். ஃபேன் மெதுவாகும், மோட்டார் சூடாகும். வேகம் விழாமல் எரிபொருளைக் கூட்டியும் குறைத்தும் கொடுக்கும் பாகத்துக்கு கவர்னர் என்று பெயர். 230 வோல்ட் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ளும் மின்னணுப் பலகைக்கு ஏவிஆர் என்று பெயர். மலிவான செட்டில் முதலில் சொதப்புவது இந்த இரண்டும்தான்.

கிலோவாட், கேவிஏ: எதைப் பார்ப்பது?

230 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஓடினால் 2,300 வோல்ட்-ஆம்பியர், அதாவது 2.3 கேவிஏ. இஸ்திரிப்பெட்டி, கீசர் போன்றவற்றில் இது முழுவதும் வெப்பமாகி வேலைக்குப் பயன்படும். மோட்டாரில் அப்படி இல்லை. ஓடும் மின்னோட்டத்தில் ஒரு பகுதி, காந்தப்புலத்தை எழுப்புவதற்குப் போய் வேலை செய்யாமல் திரும்பி வருகிறது. ஆனால் போகும்போதும் வரும்போதும் ஆல்டர்னேட்டரின் சுருளைச் சூடாக்கிவிட்டுத்தான் போகிறது. எனவே ஜெனரேட்டர் தாங்கும் அளவைக் கேவிஏவில் சொல்கிறார்கள். உண்மையில் செய்யும் வேலையின் அளவு கிலோவாட். இரண்டுக்கும் உள்ள விகிதம் பவர் ஃபேக்டர். டீசல் செட்டுகளில் பெரும்பாலும் 0.8 என்று போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கில் 5 கேவிஏ செட் 4 கிலோவாட்தான் தரும்.

சின்னப் பெட்ரோல் செட்டுகளின் அட்டையில் இரண்டு எண்கள் இருக்கும். பெரிய எழுத்தில் இருப்பது மேக்ஸிமம், அது சில நிமிடங்களுக்கு மட்டும். ரேட்டட் என்று சின்னதாக எழுதியிருப்பதுதான் தொடர்ந்து ஓட்டக்கூடியது. அதை மட்டும் கணக்கில் எடுங்கள்.

மோட்டாரின் முதல் இழுப்பு

டபுள்ஸ் சைக்கிளில் கஷ்டம் எப்போது? ஓடும்போது இல்லை, நின்ற இடத்திலிருந்து கிளப்பும்போது. அந்த முதல் மிதிக்கு உடம்பின் முழுப் பலமும் போகும், நாலு சுற்று ஆனதும் லேசாகிவிடும். மோட்டாரும் இப்படித்தான். ஓடும்போது எடுக்கும் ஆம்பியரைவிடக் கிளம்பும் நொடியில் நாலைந்து மடங்கு எடுக்கும், சிலது அதற்கு மேலும் எடுக்கும்.

போரில் இருக்கும் 1 ஹெச்பி சிங்கிள் ஃபேஸ் சப்மெர்சிபிள் மோட்டாரைப் பார்ப்போம். 1 ஹெச்பி என்றால் 746 வாட் என்பது பள்ளிப் பாடம். ஆனால் அது மோட்டார் வெளியே தரும் வேலை. உள்ளே இழுப்பது அதைவிட அதிகம். ஓடும்போது ஏழெட்டு ஆம்பியர் எடுக்கும், ஏறக்குறைய 1.7 கேவிஏ. கிளம்பும்போது 30 ஆம்பியரைத் தொட்டுவிடும். 2 கேவிஏ செட்டோ 9 ஆம்பியருக்கும் குறைவாகத்தான் தரும். "1.7 தானே, 2 போதுமே" என்று வாங்கியவர் சுவிட்சைப் போட்டால் இன்ஜின் முக்கும், வீட்டு விளக்குகள் மங்கும், மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும், கடைசியில் பிரேக்கர் விழும். மெஷினில் கோளாறு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார். கோளாறு கணக்கில்.

வீட்டு அளவில் ஒரு எளிய கணக்கு போதும். பெரிய மோட்டாரின் ஓட்டக் கேவிஏவை மூன்றால் பெருக்குங்கள். அது கிளம்பும் நேரத்தில் வேறு எதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் என்று பார்த்து அதைக் கூட்டுங்கள். மேலே சொன்ன மோட்டாருக்கு மூன்று மடங்கு 5.1. ஆகவே 5 கேவிஏ செட் வேண்டும். நாலைந்து மடங்கு இழுப்பதற்கு மூன்று மடங்கு எப்படிப் போதும் என்றால், அந்த ஓரிரு நொடிக்கு இன்ஜினோடு சுழலும் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்தின் சுழல்விசையும் கை கொடுக்கும், வோல்டேஜும் கொஞ்சம் இறங்கி ஏறும். அந்த இறக்கத்தில் மற்ற சாமான்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதால்தான் எலக்ட்ரீஷியன்கள் "மோட்டாரை முதல்ல போடுங்க, மத்ததை அப்புறம் போடுங்க" என்கிறார்கள். மோட்டார் ஓட ஆரம்பித்த பிறகு 5-இல் 3 கேவிஏவுக்கு மேல் மிச்சம் இருக்கும். ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்கு எல்லாம் தாராளமாக ஓடும்.

ஏசி? இன்வெர்ட்டர் ஏசி என்றால் மெல்ல மெல்ல ஏறும், 1.5 டன் ஒன்றை 5 கேவிஏ செட் சமாளிக்கும். பழைய வகை ஏசி போர் மோட்டார் மாதிரியே உதைத்துக் கிளம்பும். இண்டக்‌ஷன் அடுப்பையும் கீசரையும் புயல் நாளில் மறந்துவிடுங்கள்.

எதற்கும் இருக்கட்டும் என்று 15 கேவிஏ வாங்கி வைப்பதும் புத்திசாலித்தனம் இல்லை. டீசல் இன்ஜின் தன் திறனில் 30 சதவீதத்துக்கும் கீழே நாள் கணக்கில் ஓடினால் உள்ளே போதிய சூடு ஏறாது. பாதி எரிந்த டீசல் கறுப்புப் பசையாகச் சைலன்சரிலும் இன்ஜினிலும் படியும்.

மலைப்பிரதேசத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உயரம் கூடக் கூடக் காற்றில் ஆக்சிஜன் குறையும், இன்ஜினின் பலமும் குறையும். ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் என்று தோராயமாகச் சொல்வார்கள். 2,200 மீட்டருக்கு மேலிருக்கும் ஊட்டியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அதற்கேற்பப் பெரியதாக வாங்க வேண்டும்.

இதுவரை சொன்னதில் நினைவில் வைக்க வேண்டியது இரண்டு. ஜெனரேட்டர் மாறாத வேகத்தில் சுற்றியாக வேண்டும். அந்த வேகத்தைக் கெடுப்பது மோட்டாரின் முதல் இழுப்பு, அதற்குத்தான் அளவெடுக்க வேண்டும்.

பெட்ரோலா, டீசலா?

வருஷத்துக்கு நாலைந்து நாள் மட்டும் ஓட்டுவதாக இருந்தால், மோட்டாரும் சின்னதாக இருந்தால் பெட்ரோல். தூக்கிக்கொண்டு போகலாம், விலை குறைவு. இதிலேயே இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் என்று ஒரு வகை உண்டு. சுமை குறைந்தால் இன்ஜின் வேகத்தையும் குறைத்துக்கொண்டு, வெளியே போகும் 50 ஹெர்ட்ஸை மின்னணுவால் சரிசெய்து தரும். சத்தம் குறைவு, எரிபொருள் மிச்சம், விலை மட்டும் கடிக்கும்.

தினம் மணிக்கணக்கில் ஓட வேண்டும், போர் மோட்டாரும் இழுக்க வேண்டும் என்றால் டீசல். நல்ல சுமையில் ஓடும் டீசல் செட் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 3 யூனிட் தரும். டீசல் லிட்டர் தொண்ணூறு ரூபாய்க்கு மேல் விற்கும் நாளில் ஒரு யூனிட்டுக்கு எரிபொருள் செலவு மட்டும் முப்பது ரூபாய். ஈபி பில்லைப் பார்த்துப் புலம்புகிறவர்கள் இதையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2023 ஜூலை 1 முதல் டீசல் செட்டுகளுக்குப் புதிய புகைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்துவிட்டது. புதிய செட்டுகளின் விலை கூடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

சைலன்ட் என்ற பெயரை நம்பிவிடாதீர்கள். பெட்டியிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் 75 டெசிபல் தாண்டக் கூடாது என்பதுதான் விதி. ராத்திரி இரண்டு மணிக்கு அடுத்த வீட்டுக்காரர் ஜன்னலோரம் 75 டெசிபல் என்றால் மறுநாள் அவர் முகத்தில் முழிக்க முடியாது.

சேஞ்ச் ஓவர்: இதில் விளையாட்டே கூடாது

ஜெனரேட்டரை வீட்டோடு இணைக்கச் சிலர் இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயர் ஒன்றைச் செய்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் இன்னொன்றைச் சுவரில் உள்ள 15 ஆம்பியர் சாக்கெட்டிலும் செருகுவார்கள். வீடு முழுக்க எரியும். மெயினை அணைத்திருந்தால் தப்பு இல்லை என்றும் வாதாடுவார்கள். மெயினை அணைக்க ஒருநாள் மறந்தால் என்ன ஆகும்?

தெருவில் இருக்கும் டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை இறக்கி நமக்குத் தருகிறது. அதற்குத் திசை தெரியாது. வீட்டுப் பக்கமிருந்து 230 வோல்ட் உள்ளே போனால், அதையே ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றி மேலே உள்ள கம்பிக்கு அனுப்பும். லைனில் கரண்ட் இல்லை என்று நினைத்து, அறுந்த கம்பியைக் கையில் பிடித்திருப்பார் ஒரு ஊழியர். நம் வீட்டுக்கு மின்சாரம் கொண்டுவரத்தான் அந்த மழையில் கம்பம் ஏறியிருப்பார். இந்தத் தலைகீழ்ப் பாய்ச்சலைத்தான் பேக்ஃபீட் என்கிறார்கள். ஜெனரேட்டர் ஓடும்போதே ஈபி திரும்பி வந்தால் இரண்டும் மோதும், ஆல்டர்னேட்டர் சுருள் கருகும். செருகாத பிளக்கின் பித்தளைப் பின்னில் கரண்ட் திறந்து கிடப்பது தனி ஆபத்து.

இதற்குத்தான் சேஞ்ச் ஓவர் சுவிட்ச். கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினால் ஈபி, மறுபக்கம் தள்ளினால் ஜெனரேட்டர், நடுவில் நிறுத்தினால் இரண்டும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இணைவது அதன் அமைப்பிலேயே முடியாது. நம் ஞாபகத்தை நம்ப வேண்டியதில்லை என்பதுதான் அதன் அருமை. கரண்ட் வரும் ஃபேஸோடு, அது திரும்பிப் போகும் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கு இரண்டு கம்பிகளை மாற்றும் 2 போல், த்ரீ ஃபேஸ் வீட்டுக்கு நாலு கம்பிகளை மாற்றும் 4 போல். கரண்ட் போனதும் தானாக ஸ்டார்ட் ஆகி மாறும் பேனலும் கிடைக்கும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு அது நல்லது, மற்றவர்களுக்குக் கைப்பிடியே போதும்.

த்ரீ ஃபேஸ் சர்வீஸ் உள்ள வீட்டில் சிங்கிள் ஃபேஸ் ஜெனரேட்டர் போட்டால், ஜெனரேட்டர் பக்கத்தில் மூன்று ஃபேஸையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுப்பார்கள். விளக்கு, ஃபேன் எல்லாம் எரியும். த்ரீ ஃபேஸ் மோட்டார் மட்டும் ஓடாது, உறுமிச் சூடாகிச் சுருள் போய்விடும். அந்த மோட்டாரின் லைனைச் சேஞ்ச் ஓவருக்கு முன்னாலேயே பிரித்துவிட வேண்டும்.

கூரையில் சோலார் இருப்பவர்களும் கவனிக்க வேண்டும். ஈபியோடு இணைந்த சோலார் இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் கரண்டை ஈபி என்று நம்பி அதற்குள்ளேயே மின்சாரத்தைத் தள்ளப் பார்க்கும். சோலார் லைன் சேஞ்ச் ஓவரின் ஈபி பக்கத்தில் இருந்தால் இந்தத் தொல்லை வராது.

இன்னொரு சில்லறைத் தொல்லை. ஜெனரேட்டர் ஓடுகிறது, ஆனால் வீட்டு இன்வெர்ட்டர் அதை ஏற்காமல் பேட்டரியிலேயே ஓடும். பல இன்வெர்ட்டர்களின் பின்னால் யூபிஎஸ் என்றும் ஈகோ அல்லது நார்மல் என்றும் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். யூபிஎஸ்ஸில் இருந்தால் லேசாக ஏறி இறங்கும் வோல்டேஜைக்கூட ஏற்காது. இன்னொரு பக்கம் தள்ளினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எர்த்

ஈபி நியூட்ரல் டிரான்ஸ்பார்மரிலேயே பூமியோடு இணைந்திருக்கிறது. சேஞ்ச் ஓவரைத் திருப்பியதும் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். எனவே நிரந்தரமாகப் பொருத்தும் செட்டில் நியூட்ரலுக்கும் தனியாக எர்த் வேண்டும், இரும்பு உடம்புக்கும் தனியாக எர்த் வேண்டும். இல்லாவிட்டால் போகும் கரண்டையும் திரும்பும் கரண்டையும் ஒப்பிட்டு, கசிந்தால் அணைக்கும் ஆர்சிசிபி ஜெனரேட்டர் ஓடும்போது சும்மா நிற்கலாம். உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் "நியூட்ரல் எர்த் போட்டீங்களா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

எங்கே வைப்பது?

இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, மயக்கம், குமட்டல். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு அதுவும் தெரியாது. எனவே வீட்டுக்குள், ஷட்டர் போட்ட கார் ஷெட்டில், மாடிப்படிக்கு அடியில், பால்கனியில், பாத்ரூம் ஜன்னல்கள் திறக்கும் சந்தில் எங்கும் வைக்கக் கூடாது. மழைக்குப் பயந்து உள்ளே இழுத்து வைப்பதுதான் புயல் நாளில் நடக்கும் தவறு. கதவைத் திறந்து வைத்தால் போதும் என்பது பொய்.

தூக்கும் செட்டை ஜன்னல், கதவிலிருந்து 6 மீட்டராவது தள்ளி, மேலே தகரக் கூரை மட்டும் போட்டு, நாலு பக்கமும் திறந்த இடத்தில் வையுங்கள். இரண்டு சென்ட் மனையில் 6 மீட்டருக்கு எங்கே போவது என்றால், அந்த மனைக்குத் தூக்கும் செட் பொருந்தாது. புகைக்குழாயை மொட்டைமாடிக்கு மேலே கொண்டுபோகும் நிரந்தர செட்டோ, பெரிய பேட்டரியோதான் வழி.

நிரந்தர செட்டுக்குத் தரையிலிருந்து உயர்த்திய கான்கிரீட் மேடை வேண்டும். 2015 வெள்ளத்தில் உங்கள் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று பழைய ஆட்களைக் கேட்டு மேடையின் உயரத்தை முடிவு செய்யுங்கள். வெள்ளத்தில் முழுகிய ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்ய? பெட்டியிலிருந்து வெளியேறும் சூடான காற்று சுவரில் மோதி மறுபடி உள்ளே போகாதபடி இடம் விட வேண்டும்.

வாங்கிய பிறகும், வாங்குவதற்கு முன்பும்

மாதம் ஒருமுறை சுமையோடு இருபது நிமிடம் ஓட்டுங்கள். ஸ்டார்ட் ஆகாத செட்டுகளில் பலவற்றுக்கும் காரணம் செத்துப்போன பேட்டரியும் கெட்டுப்போன பெட்ரோலும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் நின்றால் கார்புரேட்டரை அடைக்கும். சீசன் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் இருப்பதும் தீரும்வரை ஓட்டி நிறுத்துவது நல்லது. புயலுக்கு மறுநாள் பங்க்கிலும் கரண்ட் இருக்காது என்பதால் இரண்டு மூன்று நாளுக்கான எரிபொருளை முன்பே வாங்குங்கள். அதற்கு மேல் பெட்ரோலை வீட்டில் சேர்க்காதீர்கள். சூடான இன்ஜினில் எரிபொருள் ஊற்றாதீர்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் டீலரிடம் செட்டை வீட்டுக்கே கொண்டுவந்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வெறும் விளக்கை எரித்துக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் போர் மோட்டாரைப் போடச் சொல்லி வோல்ட் மீட்டரைப் பாருங்கள். முள் விழுந்து, ஓரிரு நொடியில் 230 பக்கம் திரும்பி வந்து நின்றால், தொட்டியிலும் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால், செக்கை எழுதலாம்.